பச்சையா இருக்கும், பாருங்க

உங்க கடை வெப்சைட்ல எல்லாத்தையும் படமா எழுதணும்னு சொல்லுதீங்க. எழுதிரலாம் அண்ணாச்சி. கடை பேரு, 'புது வரவு', 'எங்கள் கிளைகள்', 'தொடர்புகொள்ள', எல்லாத்தையும் கையால எழுதின மாதிரியே வளைச்சு வளைச்சுப் போட்டுத் தாரேன். பாத்திரக்கடைன்னா எழுத்தும் பித்தளை மாதிரி மினுங்கணும்னு ஆசைப்படுதீங்க. மினுங்கும். அதுல எனக்கு ஒரு கஷ்டமும் கிடையாது.

ஆனா ஒன்னு. ஒவ்வொரு படத்துக்குள்ளயும் அந்த எழுத்து எழுத்தாவும் இருக்கும். உங்க கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கும். அதை எடுத்துருங்கன்னு மட்டும் சொல்லிராதீங்க. இதை இப்பவே சொல்லிருதேன். பின்னால உங்களுக்கும் எனக்கும் சடவு வேண்டாம்.

ஏன்னு கேக்கீங்க. கேக்கத்தான் செய்வீங்க. உக்காருங்க, வெயில் இந்தப் போடு போடுது, இப்ப வெளிய போயி என்ன செய்யப்போறீங்க.

கொம்பையான்னு ஒருத்தன். பாலிடெக்னிக்ல என்கூடப் படிச்சவன். இருபது வருஷத்துக்கு மேல பழக்கம். என் கல்யாணத்துல எனக்குப் பக்கத்துல நின்னவன். என் மகளுக்குப் பேரு வச்சவனே அவன்தான்னா பாத்துக்கோங்க. அவன் எனக்குச் செஞ்சதை ஒரு பகையாளி செஞ்சிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன்.

அவனுக்குக் கண்ணு தெரியாது. பிறவியில இல்ல. படிக்கும்போதெல்லாம் நல்லாத்தான் இருந்தான். அப்புறம் ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி, நடுவுல மட்டும் ஒரு ஓட்டை வழியா பாக்குத மாதிரி ஆகி, இருபத்தெட்டு வயசுல முழுசாப் போயிருச்சு. நரம்பு சம்பந்தமான சீக்கு, மருந்தே இல்லன்னுட்டாங்க. அப்ப அவனுக்கு வேலை கொடுத்தது யாரு? நான். இந்த ஆபீஸ்லதான். சரி, கம்பெனி ஆரம்பிச்சது ரெண்டு பேரும் சேர்ந்துதான். முதல் ரெண்டு மூணு பார்ட்டி அவன் பிடிச்சுட்டு வந்ததுதான். கோடிங் எழுதுததுல அவன் என்னைவிட கெட்டிக்காரன், அதையும் ஒத்துக்கிடுதேன். ஆனா கண்ணு போன பிறகு, 'நீ இனிமே வராத'ன்னு நான் சொல்லலையே. சொல்லியிருக்கலாம்லா? சொல்லல. அதை அவன் நினைச்சுப் பாத்திருக்கணும்.

கண்ணு போன பிறகும் அவன் கம்ப்யூட்டரை விடல. அதுக்குன்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு, திரையில இருக்கதையெல்லாம் வாசிச்சுச் சொல்லும். காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, கீபோர்டை மட்டும் தட்டிக்கிட்டே போவான். 'தலைப்பு, சேர்க்கை. லிங்க், கட்டணம். லிங்க், விடுதி'ன்னு அது சொல்லிக்கிட்டே போகும். என்ன வேகம்ங்கிறீங்க. நம்ம காதுக்கு ஒரு மண்ணும் புரியாது. அவன் அதைக் கேட்டே வெப்சைட்டுல எது எங்க இருக்குன்னு சொல்லிருவான். நாங்க செஞ்ச ஒவ்வொரு வெப்சைட்டையும் அவன் அப்படிக் கேட்டுப் பாத்து, சரியா இருந்தா, 'பார்வையில்லாதவர்களும் பயன்படுத்தலாம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். அதுக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு. திருநெல்வேலியில அவன் கையெழுத்துன்னா நம்புவாங்க.

என் வேலை எழுத்து. அதாவது எழுத்தோட அழகு. இன்டர்நெட்ல தமிழ் எழுத்தைப் பாத்திருக்கீங்களா? எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி. 'ண'வும் 'ன'வும் சோத்துக்கு இல்லாதவன் மாதிரி ஒட்டிப்போய் நிக்கும். எனக்குப் பாக்கவே பிடிக்காது. நான் கையால வரைவேன். டேப்லட்ல பேனாவை வச்சு, ஒரு எழுத்துக்கு அரை நாள்கூட உக்காருவேன். வரைஞ்சதைப் படமாக்கி லிங்க் மேல ஒட்டிருவேன். நீங்க அமுக்குதது படத்தை. போகவேண்டிய பக்கத்துக்குப் போகும்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பி.எட். காலேஜ் வந்துச்சு. பேரு வேண்டாம். பெரிய வேலை. முகப்புல ஒன்பது லிங்க். அது போக விண்ணப்பப் படிவம், அதுக்கு அடியில பட்டன் மாதிரி ரெண்டு லிங்க், 'அனுப்பு', 'அழி'. மொத்தம் பதினொன்னு. பதினொன்னும் கையால வரைஞ்ச எழுத்துலதான் வேணும்னு தாளாளர் சொல்லிட்டாரு. அவரு கலையை மதிக்கிற மனுஷன். அதோட கொம்பையா கையெழுத்தும் வேணும், ஆய்வுக்குழு வரும்போது காட்டணும்னாரு.

நான் இருபது நாள் வரைஞ்சேன் அண்ணாச்சி. 'விண்ணப்பம்'னு எழுதியிருந்தேன் பாருங்க, அந்த மூணுசுழி 'ண'வுல இருந்து கோடு கீழ இறங்கி 'ப'வைத் தாங்கிப் பிடிக்கும். 'அனுப்பு' பச்சையில, வேப்பங்கொழுந்து மாதிரி. 'அழி' செங்கல் சிவப்புல. யார் பாத்தாலும் ஒரு நிமிஷம் நிப்பாங்க.

கொம்பையா மூணு நாள் உக்காந்து கேட்டான். முதல் நாளே சொன்னான். அவன் சொன்னதை அப்படியே சொல்லுதேன், நான் எதையும் மறைக்கல. 'நீ எவ்வளவு அழகா வேணாலும் வரை. ஆனா எழுத்தை எடுத்துராத. எழுத்து அங்ஙனயே இருக்கட்டும், படத்தை அதுக்கு மேல போர்த்து. உனக்குப் படம் தெரியும், எனக்கு எழுத்து கேக்கும். நெட் மெதுவா இருந்து படம் வராட்டாலும் எல்லாருக்கும் எழுத்து தெரியும்'னான். இல்லன்னா படத்தோட சேர்த்து அதோட பேரை எழுதி வைக்கணும், அதையும் அந்த சாப்ட்வேர் வாசிக்கும்னான். இப்படி ரெண்டு மூணு வழி சொன்னான். அதெல்லாம் எனக்கும் தெரிஞ்சதுதான். நான் போர்த்தித்தான் கொடுத்தேன். அவன் கேட்டான், பதினொன்னும் ஒழுங்கா வாசிச்சுது. 'நல்லா இருக்குல'ன்னான். சந்தோஷமாத்தான் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் சாயந்திரம் தாளாளருக்குக் காட்டுதேன். பெரிய திரையில போட்டுக் காட்டுதேன். அவரு கிட்டக்க வந்து பாக்காரு. 'என்ன தம்பி, எழுத்துக்குப் பின்னால ஏதோ பிசிறு தெரியுது'ங்காரு. எனக்கு உயிரே போச்சு. என் எழுத்துக்கு நடுநடுவுல இடைவெளி இருக்கும்லா, அந்த வழியா கீழ இருக்க கம்ப்யூட்டர் எழுத்து எட்டிப் பாக்குது. என் 'ண'வுக்குப் பின்னால இன்னொரு 'ண'. புதுச்சேலைக்குள்ள இருந்து பழைய பாவாடை தெரியுத மாதிரி. மறுநாள் காலையில வெப்சைட்டுக்குத் திறப்பு விழா. அமைச்சரெல்லாம் வரல, ஆனா பல்கலைக்கழகத்துல இருந்து பெரிய ஆளுங்க வாராங்க.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ஒரு வரி எழுதினேன். ஒரே ஒரு வரி. கீழ இருக்க எழுத்தை மறைன்னு. மறைஞ்சுது. பிசிறு போச்சு. தாளாளர் என் தோளைத் தட்டினாரு.

அந்த ஒரு வரி என்ன பண்ணும்னா, கண்ணுக்கும் மறைக்கும், வாசிக்கிற சாப்ட்வேருக்கும் மறைச்சிரும். அது தெரியாதான்னு கேப்பீங்க. தெரியும். அந்த நேரம் தோணலன்னு சொல்லமாட்டேன், தோணுச்சு. நாளைக்கு விழா முடிஞ்சதும் வேற வழியில பண்ணிக்கிடலாம்னு நினைச்சேன். அப்புறம் வேலை வந்துட்டே இருந்துச்சு. வேணும்னேயா செஞ்சேன்?

விழா அன்னைக்குக் காலையில கொம்பையா கையெழுத்துப் போடணும். தாளை நீட்டுதேன். அவன் பேனாவை வாங்கிக்கிட்டு, 'நான் கேட்ட பிறகு எதையும் மாத்தலையே?'ன்னான். நான் இல்லன்னேன். இடம் எங்கன்னு விரலைப் பிடிச்சு வச்சேன், போட்டான்.

பொய்யா அது? யோசிச்சுப் பாருங்க. எழுத்தை நான் மாத்தலையே அண்ணாச்சி. ஒரு எழுத்தைக்கூட மாத்தல. மறைச்சேன். அவ்வளவுதான்.

இது நடந்தது மே மாசம். ஜூன் பதினஞ்சு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஜூன் கடைசியில சேர்க்கைப் பட்டியல் போட்டாங்க. போட்ட அன்னைக்கு அந்தக் காலேஜ்ல எனக்குப் பாராட்டு விழா. பொன்னாடை போத்தினாங்க. வெப்சைட்டைப் பத்தி காலேஜ் முதல்வர் பத்து நிமிஷம் பேசினாரு, 'கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்'னாரு. நான் போனை சத்தமில்லாம வச்சிருந்தேன். வெளிய வந்து பாத்தா கொம்பையா மூணு தடவை கூப்பிட்டிருக்கான். சரி, வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருப்பான்னு விட்டுட்டேன். மறுநாள் கூப்பிடணும்னு நினைச்சேன், மறந்து போச்சு. அதுக்கு அடுத்த நாளும். அவன் ஆபீசுக்கும் வரல. உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்.

நாலாவது நாள் காலேஜ்ல இருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டாங்க. போனா, பொன்னாடை போத்தின அதே முதல்வர் என்னைய உக்காரக்கூடச் சொல்லல. ஒரு கடிதத்தை எடுத்து மேசையில போட்டாரு. கொம்பையா எழுதினது.

அந்தக் கடிதத்தை நான் இன்னும் வச்சிருக்கேன். எத்தனை தடவை வாசிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. அப்படியே சொல்லுதேன், கேளுங்க. 'தங்கள் கல்லூரியின் இணையதளத்தைப் பார்வையற்றோர் பயன்படுத்தலாம் என்று நான் கையெழுத்திட்டிருந்தேன். அது உண்மையல்ல. முகப்பில் உள்ள ஒன்பது இணைப்புகளும், படிவத்தில் உள்ள இரண்டு பொத்தான்களும் வெறுமனே லிங்க் என்று மட்டுமே ஒலிக்கின்றன. கடைசி வடிவத்தை நான் சோதிக்கவில்லை. நண்பர் சொன்னதை நம்பிக் கையெழுத்திட்டேன். சோதிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு. இதனால் செல்வி சண்முகசுபா என்ற மாணவியின் விண்ணப்பம் தங்களை வந்து சேரவில்லை. அவரது விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன். இனி நான் யாருக்கும் இத்தகைய சான்று அளிக்கப்போவதில்லை.' இவ்வளவுதான். கீழ பேரு.

நண்பர்னு போட்டிருக்கான் பாத்தீங்களா. என் பேரைப் போடல. பேரைப் போட்டிருந்தாக்கூட பரவாயில்ல. நண்பர்னு போட்டா ஊருக்குத் தெரியாதா யாருன்னு? இவனுக்கு இந்த ஊர்ல என்னை விட்டா வேற எவன் நண்பன்?

ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே சரி பண்ணியிருப்பேன். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிருக்கும். நேரே முதல்வருக்கு எழுதிட்டான். அந்த ஒரு கடிதத்துல அந்தக் காலேஜ் போச்சு. அதைக் கேள்விப்பட்டு இன்னும் ரெண்டு பள்ளிக்கூடம் போச்சு. இருபது நாள் வரைஞ்சேனே, அந்த எழுத்தைப் பத்தி அதுக்கப்புறம் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல.

அந்த சண்முகசுபா யாருன்னு கேப்பீங்க. களக்காடு பக்கம். பிறவியிலயே பார்வை கிடையாது. பி.ஏ. முடிச்ச பிள்ளை, டீச்சர் ஆகணும்னு ஆசை. கொம்பையா ஞாயித்துக்கிழமைல ஒரு சங்கத்துல பார்வையில்லாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பான், அங்க படிச்ச பிள்ளை. கொம்பையாதான் அதுகிட்ட, 'இந்தக் காலேஜ்ல போடு, அதோட வெப்சைட்டை நானே கேட்டுப் பாத்திருக்கேன், யாரு துணையும் வேண்டாம், நீயே போட்டுரலாம்'னு சொல்லியிருக்கான். ஆறு பேருகிட்ட சொல்லியிருக்கான். மத்த அஞ்சு பேருக்கும் வீட்டுல கண்ணு தெரிஞ்சவங்க யாராவது போட்டுக் கொடுத்துட்டாங்க. இந்தப் பிள்ளை, சார் சொல்லிட்டாங்கன்னு, அதுவே உக்காந்திருக்கு.

முகப்புல ஒன்பது தடவை 'லிங்க், லிங்க்'னு சொல்லியிருக்கு. அது ஒவ்வொன்னா திறந்து பாத்து, திரும்ப வந்து, விரல்ல எண்ணி வச்சுக்கிட்டு, ஏழாவதுதான் விண்ணப்பம்னு கண்டுபிடிச்சிருக்கு. கெட்டிக்காரப் பிள்ளைதான், இல்லங்கல. படிவத்தை நிரப்ப ரெண்டு மணி நேரம் ஆயிருக்கு. கடைசியில வந்தா ரெண்டு லிங்க். ஒன்னு அனுப்பு, ஒன்னு அழி. ரெண்டும் 'லிங்க்'னுதான் சொல்லுது. முதல்ல இருக்கதுதான் அனுப்புதா இருக்கும்னு அமுக்கிருச்சு. நான் அழியை முதல்ல வச்சிருந்தேன். சிவப்பு இடது பக்கம், பச்சை வலது பக்கம் இருந்தாத்தான் பாக்க நல்லா இருந்துச்சு. நிரப்பினது அவ்வளவும் அழிஞ்சு, பக்கம் முதல்ல இருந்து வாசிக்க ஆரம்பிச்சிருக்கு. போயிருச்சுன்னு நினைச்சு, அது கம்ப்யூட்டரை மூடி வச்சிட்டு எஸ்.எம்.எஸ். வரும் வரும்னு ரெண்டு வாரம் காத்துக்கிடந்திருக்கு.

பட்டியல்ல பேரு இல்லன்னதும் கொம்பையாகிட்டப் போயி அழுதிருக்கு. அவன் வெப்சைட்டைத் திறந்து கேட்டிருக்கான். அப்பத்தான் எனக்கு மூணு தடவை கூப்பிட்டிருக்கான்.

இதெல்லாம் எனக்குப் பின்னாலதான் தெரியும். அவனைத் தேடிப் போனேன்லா, அப்பச் சொன்னான். கடிதத்தைப் பாத்த அன்னைக்கு மறுநாளே போனேன். கோவத்துல போனேன். சங்கத்துல வகுப்பு முடிஞ்சு பிள்ளைங்க போயிட்டாங்க, அவன் மட்டும் ஒரு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருந்தான். நான் உள்ள நுழைஞ்சதும், செருப்புச் சத்தத்தை வச்சே 'வா'ன்னான். 'உக்காரு'ன்னான். நான் உக்காரல.

"ஏம்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"ன்னேன்.

"மூணு தடவை கூப்பிட்டேன்."

"நாலாவது தடவை கூப்பிட்டிருக்கலாம்லா."

 அவன் ஹெட்போன் வயரை விரல்ல சுத்திக்கிட்டே இருந்தான். அப்புறம் கேட்டான், "கையெழுத்துப் போடும்போது உங்கிட்ட என்ன கேட்டேன்?"

"மாத்தலையேன்னு கேட்ட."

"நீ என்ன சொன்ன?"

"ஒரு வரிதாம்ல கொம்பையா. ஒரே ஒரு வரி. பிசிறு தெரியுதுன்னு அவரு சொல்லிட்டாரு, நான் என்ன செய்ய?"

"என்ன சொன்னன்னு கேட்டேன்."

"இல்லன்னு சொன்னேன்."

"நான் திரும்பக் கேக்கல"ன்னான். "கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு தடவை கேட்டுப் பாத்திருக்கலாம். ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. நீ சொன்னதும் பேனாவை எடுத்துட்டேன். அந்தப் பிள்ளைகிட்ட நான் என்ன சொல்லியிருந்தேன் தெரியுமா? நீ அதுல தைரியமா போன்னு சொல்லியிருந்தேன்."

சத்தம் போடல அண்ணாச்சி. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். அவன் பேசினது பக்கத்து மேசையில இருக்கவனுக்குக்கூடக் கேட்டிருக்காது. அப்புறம் ஒன்னு சொன்னான்.

"அமுக்குததுக்கு முன்னாடி அந்தப் பிள்ளை உனக்கு போன் பண்ணிருக்கு."

அதை உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேன். சொல்லக்கூடாதுன்னு இல்ல. வெப்சைட்டுக்கு அடியில 'வடிவமைப்பு: சேர்மராஜ்'னு என் பேரும் நம்பரும் சின்னதா போட்டிருந்தேன். அதை மட்டும் படமாக்கல. பொடி எழுத்துதான, அதுக்கு எதுக்கு மெனக்கெடணும்னு சும்மா எழுத்தாவே விட்டுட்டேன். அந்தப் பக்கத்துல அதுக்கு வாசிச்சுக் கேட்ட ஒரே பேரு என் பேருதான். அதான் கூப்பிட்டிருக்கு. கடைசி நாளைக்கு முந்தின நாள் மத்தியானம். 'சார், படிவம் நிரப்பிட்டேன், கடைசியில ரெண்டு லிங்க் இருக்கு, எது சார் அனுப்பறது?'ன்னு ஒரு பொம்பளப்பிள்ளை கேட்டுச்சு. அன்னைக்கு எனக்கு வேற ஒரு பார்ட்டி எதிர்ல உக்காந்திருக்காரு. 'பச்சையா இருக்கும் பாருங்க, பச்சையை அமுக்குங்க. சிவப்பைத் தொட்டுராதீங்க'ன்னேன். 'சார், எனக்கு...'ன்னு ஏதோ இழுத்துச்சு. 'பாத்தாலே தெரியும்மா'ன்னு சொல்லி வச்சிட்டேன்.

எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லுங்க. போன்ல பேசுதவங்களுக்குக் கண்ணு தெரியுமா தெரியாதான்னு எவனால சொல்ல முடியும்? அது முதல்லயே சொல்லியிருக்கணும்லா.

கொம்பையாகிட்டயும் இதைத்தான் சொன்னேன். அவன், "சரி, நீ போ"ன்னான்.  நான் அஞ்சு நிமிஷம் நின்னேன். எந்திரிச்சு வருவான்னு நினைச்சேன். எத்தனை சண்டை போட்டிருக்கோம், ஒவ்வொரு தடவையும் வாசல் வரைக்கும் வருவான். வரல. ஹெட்போனை மாட்டிக்கிட்டான்.

அதோட சரி. ஆபீசுக்கு அவன் திரும்ப வரல. சங்கத்துலயே முழுநேரமா சேர்ந்துட்டான். எத்தனையோ கம்பெனிக்காரங்க கூப்பிட்டும் கையெழுத்து மட்டும் போடமாட்டேன்னுட்டானாம்.

காலேஜ்ல அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுத்துட்டாங்க. யாரோ சேராம போன ஒரு இடம் இருந்திருக்கு. எங்கிட்ட, வெப்சைட்டை வேற ஆள்கிட்டக் கொடுக்கதுக்கு முன்னாடி இதைச் சரி பண்ணிட்டுப் போங்கன்னாங்க. அந்த வரியை எடுத்தேன். பதினொரு படத்துக்கும் பேரு எழுதினேன், படத்தோட சேர்ந்தே வாசிக்க மாதிரி. பிசிறும் தெரியல. பத்து நிமிஷம் ஆச்சு. கொம்பையா முதல்ல சொன்ன ரெண்டு மூணு வழியில அதுவும் ஒன்னு. அன்னைக்கே அதைப் பண்ணியிருக்கலாம்தான். ஆனா அன்னைக்கு இருந்த அவசரம் இவங்க யாருக்காவது தெரியுமா?

சரி பண்ணிட்டேன்னு கொம்பையாவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். பாத்துட்டான். பதில் இல்ல. பாருங்க, அதுக்குக்கூட பதில் இல்ல.

இத்தனை நாளைக்கு அப்புறம் போன மாசம் ஒன்னு நடந்துச்சு. ஏன் செஞ்சேன்னு எனக்கே தெரியல. அந்தப் பிள்ளையோட நம்பரு என் போன்லதான் இருந்துச்சு. தேதியை வச்சுத் தேடி எடுத்தேன். ஒரு நாள் சாயந்திரம் ஆபீஸ்ல யாரும் இல்லாதப்ப கூப்பிட்டேன். எடுத்துச்சு. பின்னால ஒரே பிள்ளைங்க சத்தம். 'ஹலோ, யாருங்க?'ன்னுச்சு.  வச்சிட்டேன்.

ரெண்டு நிமிஷத்துல அதுவே திரும்பக் கூப்பிடுது. எடுக்காம இருக்கலாம்னு பாத்தேன். எடுத்துட்டேன்.

"இந்த நம்பர்ல இருந்து கால் வந்துச்சு. யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"தப்பா வந்திருக்கும்மா"ன்னேன்.

குரலை வச்சே கண்டுபிடிச்சிருச்சு போல. "சேர்மராஜ் சாரா?"ன்னுச்சு.

ஆமான்னேன். வேற என்ன சொல்ல?

"அன்னைக்கு நான் போன் பண்ணப்ப ரொம்ப அவசரத்துல இருந்தீங்க சார். நானும் சரியாச் சொல்லல"ன்னுச்சு. அப்புறம் அதுவாவே சொல்லிக்கிட்டே போகுது. ரெண்டாம் வருஷம் படிக்குதாம். பயிற்சிக்கு ஒரு பள்ளிக்கூடத்துல எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துட்டு இருக்காம். பிள்ளைங்க முதல் நாள் சேட்டை பண்ணினாங்களாம், இப்ப ஒருத்தன்கூட எந்திரிக்கமாட்டானாம். "கொம்பையா சார் சொன்னாங்க சார். வெப்சைட்டுல ஏதோ கோளாறு இருந்துச்சுன்னும், நீங்கதான் உக்காந்து அவ்வளவையும் சரி பண்ணிக் கொடுத்தீங்கன்னும் சொன்னாங்க. எங்க சங்கத்துல இருந்து இந்த வருஷம் ரெண்டு பேரு அதுல அவங்களாவே போட்டாங்க சார். ஒரு கஷ்டமும் இல்லையாம். ரொம்ப நன்றி சார்."

ஏதோ கோளாறுன்னு சொல்லியிருக்கான்.

 மறைச்சதும் நான்தான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. 'சரிம்மா, நல்லா படி'ன்னேன். வச்சிட்டேன்.

இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. முதல்வருக்கு எழுதுதான், அங்க என்னைய விட்டுக்கொடுக்கான். அந்தப் பிள்ளைகிட்ட, சரி பண்ணினது நான்னு சொல்லுதான். மறைச்சது நான்னு சொல்லல. ஏன் சொல்லல? சொல்லியிருந்தா அது என்னைய நாலு வார்த்தை ஏசியிருக்கும். நான் கேட்டுட்டு, மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். அதுக்கும் வழி வைக்கல. அது நன்றி சொல்லுது, நான் வாங்கி வச்சிருக்கேன். எங்க கொண்டுபோய்க் கொடுக்கன்னு தெரியல. கூடப் பழகினவன் ஒருத்தன் செய்யக்கூடிய காரியமா இது?